தன்பாலீர்ப்பினருக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள்: சட்டத் திருத்தம் கோரும் மனுவை எழுதும் முறை

பொத்தாம்பொதுவாகப் பாதுகாப்புக் கேட்கும் மனு கோப்பில் உறங்கிவிடும் என்பதால், எந்தப் பிரிவில் எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி, பாலினம், மொழி முதலிய காரணங்களுக்காகச் செய்யும் கொலையைத் தனிக் குற்றமாக்குகிறது. கொடுங்காயத்துக்கு 117(4) பிரிவு உண்டு. இரண்டிலும் பாலீர்ப்பு என்ற சொல் இல்லை. ‘இதையொத்த வேறு காரணம்’ என்ற தொடரில் அது அடங்கும் என்று வாதிடலாம். ஆயினும் தண்டனைச் சட்டத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே பொருள்கொள்ளும் என்பதால், அந்த வாதத்தை மட்டும் நம்புவது சரியன்று.

தனியொருவரின் தாக்குதல் இப்பிரிவுகளுக்குள் வராது என்பதையும், 2019ஆம் ஆண்டுத் திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 18ஆம் பிரிவு திருநரை மட்டுமே காக்கிறது என்பதையும் அடுத்துச் சுட்டுங்கள்.

குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் மாநிலச் சட்டமன்றமும் திருத்தம் செய்யலாம். எனவே மனுவை முதலமைச்சருக்கும் சட்டத்துறைக்கும் அனுப்புங்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 ஆணையைத் தொடர்ந்து, தன்பாலீர்ப்பினர், திருநர் முதலியோரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாதென்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட 24-சி விதியை முன்னுதாரணமாகக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டோரின் பெயர்களை அவர்கள் இசைவின்றி இணைக்காதீர்கள்.