புத்தாண்டில் கால்பந்து: ஆட்ட நாளை முதலில் குறியுங்கள்

புத்தாண்டு பிறந்ததும் பலர் குறிப்பேட்டில் மூன்று வரிகளை எழுதுகிறார்கள்: மறுபடி கால்பந்து ஆட வேண்டும், சாப்பாட்டை ஒழுங்குபடுத்த வேண்டும், உடம்பைத் தேற்ற வேண்டும். மூன்றும் நல்லவைதான். ஆனால் தனித்தனியே நடத்தினால் அவை ஒன்றோடொன்று மோதும். எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பவருக்கு ஆட்டத்தில் கால் எழாது. முந்தைய நாள் கடுமையாக எடை தூக்கியவர் பந்தைத் துரத்த முடியாமல் நிற்பார். எனவே ஆட்ட நாளை மட்டும் முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, உணவையும் உடற்பயிற்சியையும் அந்த நாளுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். “ஐந்து கிலோ குறைப்பேன்” என்பது உடல் தர வேண்டிய விளைவு. “செவ்வாயும் சனியும் ஆடுவேன்” என்பது நாமே முடிவு செய்யக்கூடிய செயல்.

வாரம் இரண்டு ஆட்டங்கள் போதுமா என்ற ஐயம் வேண்டாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்போ செய்ய வேண்டும் என்றும், அதனுடன் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. ஒரு மணி நேர ஆட்டம் இரண்டு என்றால், இடைவேளைகளைக் கழித்த பிறகும் அந்தக் கடும் உழைப்பின் வரம்புக்குள் வந்துவிடுகிறோம். டென்மார்க்கில் பீட்டர் குருஸ்ட்ரப், யென்ஸ் பாங்ஸ்போ ஆகியோரின் குழு, பயிற்சியே இல்லாத ஆண்களை வாரம் இரண்டு மூன்று முறை சிறு அணிகளாக ஆடவைத்து ஆராய்ந்தபோது, 12 வாரங்களில் அவர்களுடைய இதய, நுரையீரல் திறன் உயர்ந்தது. ரத்த அழுத்தமும் குறைந்தது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, பல ஆண்டுகளாக உடலுழைப்பின்றி இருந்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே பூட்ஸை வெளியே எடுங்கள்.

முதல் எட்டு வாரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் புத்தாண்டு உறுதிகள் பெரும்பாலும் முறிவது அங்கேதான். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். இரண்டு மூன்று வாரங்களிலேயே ஓடுவது எளிதாகத் தோன்றும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் வலுப்பெறுவதற்கோ மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் நாம் ஏமாறுகிறோம். நானும் ஓர் ஆண்டு, மூன்றாவது வாரத்திலேயே மூச்சு வாங்கவில்லை என்ற துணிச்சலில் முழு வேகத்தில் பந்தைத் துரத்தித் தொடையின் பின்தசையைக் கிழித்துக்கொண்டு, ஆறு வாரம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே முதல் இரண்டு வாரம், சிறிய களத்தில் ஐவர் அணியாக வாரம் ஒரு முறை மட்டும், அரை மணி நேரத்துக்கு மிகாமல் ஆடுங்கள். இன்னொரு நாள் நடையும் மெதுவோட்டமும் மாறி மாறிச் செய்யுங்கள். அடுத்த இரண்டு வாரம் 45 நிமிடம் ஆடலாம். ஐந்தாவது வாரத்திலிருந்து இரண்டு ஆட்டங்கள்; இடையே குறைந்தது 48 மணி நேர ஓய்வு. பதினொருவர் ஆடும் பெரிய களத்தை எட்டு வாரம் கழியும் வரை தள்ளிவையுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வார்ம் அப் செய்வதைத் தவறவிடாதீர்கள். ஃபிஃபா 11 பிளஸ் என்ற பயிற்சித் தொகுப்பு 20 நிமிடம் எடுக்கும்: முதலில் எட்டு நிமிடம் மெதுவோட்டம், பிறகு பத்து நிமிடம் வலு, சமநிலை, தாவல் பயிற்சிகள், கடைசியில் இரண்டு நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் பதின்வயதுப் பெண்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன.

தொடையின் பின்தசைக்கு நார்டிக் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டியிட்டு நின்று, துணைவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் உடலை இயன்ற அளவு மெதுவாக முன்னே இறக்க வேண்டும். தாங்க முடியாத கட்டத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் ஐந்தைந்தாக இரண்டு சுற்று, அதுவும் ஒரு நாள் மட்டும் போதும். ஆட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள். மறுநாள் தசை வலிக்கும். பழகப் பழக அது குறைந்துவிடும்.

இனி உணவு. ஓடி, நின்று, மறுபடி பாயும் இந்த ஆட்டத்துக்குத் தசைகளில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜனே முதன்மை எரிபொருள். அது மாவுச்சத்திலிருந்து உருவாகிறது. புத்தாண்டில் மாவுச்சத்தை முற்றாக விலக்குபவர்கள் இரண்டாம் பாதியில் கால் கனத்துத் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். ஆட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்பு, கொழுப்பும் நாரும் குறைந்த, மாவுச்சத்து நிறைந்த உணவைச் சாப்பிடுங்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்று முதல் இரண்டு கிராம் மாவுச்சத்து ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் போதும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 70 முதல் 140 கிராம். உழைப்பவர்களின் தசை சீராக ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் புரதம் வேண்டும். அதை ஒரே வேளையில் கொட்டாமல் எல்லா வேளைகளிலும் பிரித்து உண்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எடை குறைக்க விரும்பினால் ஆட்டமில்லாத நாள்களில் சாப்பாட்டின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் அரை கிலோவுக்கு மேல் இறங்க வேண்டாம்.

தண்ணீரை ஊகத்தில் குடிக்காமல், ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். இழப்பு உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த முறை இடையிடையே கூடுதலாகப் பருகுங்கள். மாறாக, எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள் என்று பொருள். இரவில் ஏழு மணி நேரத் தூக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்னேற்றத்தை அறிய ஒரு குறிப்பேடு போதும். ஆடிய நிமிடங்களை, அன்றைய கடினத்துக்கு நீங்களே பத்துக்குத் தரும் மதிப்பெண்ணால் பெருக்கி எழுதுங்கள்; 60 நிமிட ஆட்டத்துக்கு ஏழு என்றால் 420. வாரக் கூட்டுத்தொகை திடீரென எகிறினால், அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் அறிமுகப்படுத்திய 12 நிமிட ஓட்டச் சோதனையைச் செய்து, எத்தனை மீட்டர் ஓடினீர்கள் என்று பாருங்கள். மற்றவருடைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

மழையாலோ வேலையாலோ ஓர் ஆட்டம் தவறினால், எல்லாம் போயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். லண்டனில் உளவியல் ஆய்வாளர் ஃபிலிப்பா லாலி நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்கள் வரை தேவைப்பட்டன. நடுவே ஒரு நாள் தவறியது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. தவறிய ஆட்டத்தை ஈடுகட்ட ஒரே வாரத்தில் மூன்று முறை ஆடாமல், நாட்காட்டியில் குறித்த அடுத்த நாளுக்கே செல்லுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து தவறியிருந்தால், மறுபடி அரை மணி நேர ஐவர் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள்.