டர்போவுக்கு ஆயில்: முதலில் திரும்பும் வழியைப் பாருங்கள்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் இன்ஜினுக்கு டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்தப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஆயிலை எங்கிருந்து எடுப்பது?" என்பதுதான். அந்த ஆயில் எப்படித் திரும்பிப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. நீலப் புகை கக்கும் டர்போ என்னிடம் வந்தால் நான் முதலில் கை வைப்பது திரும்பும் குழாயில்தான்.

ஆயில் அழுத்தத்தோடு டர்போவுக்குள் நுழைகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய தண்டைத் தாங்கியபின், காற்றோடு கலந்து நுரையாகிக் கீழே விழுகிறது. அங்கே அதைத் தள்ள எதுவும் இல்லை. தன் எடையால்தான் அது இறங்க வேண்டும். தண்டின் இரு முனைகளிலும் இருப்பவை பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையங்கள், ரப்பர் சீல் அல்ல. தேங்கி நிற்கும் ஆயிலை அவற்றால் தடுக்க முடியாது. அது சைலன்சர் பக்கம் கசிந்து புகையாகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், நல்ல டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வேகிறது.

எனவே திரும்பும் குழாய்க்குப் பத்தாம் எண் ஏஎன் (குழாய், இணைப்புகளுக்கான ஒரு அளவு முறை) அளவைப் போடுங்கள். உள்விட்டம் 13 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டர்போவில் ஆயில் வெளியேறும் வாய் நேர் கீழாக, அதிகம் போனால் 35 டிகிரி சாய்வுக்குள் இருக்கட்டும். குழாய் வழியெங்கும் இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொய்வோ மேடோ இருக்கவே கூடாது. ஆயில் பானில் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தட்டு) அது சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சாதாரண சிலிகோன் ஹோஸ் ஆயிலுக்கு ஆகாது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினாலும் ஆயில் இறங்காது, அதையும் பார்த்துவிடுங்கள்.

திரும்பும் குழாய்க்கு ஆயில் பானில் துளை போட வேண்டும். இந்தக் காரில் அதைக் கழற்ற, முன்பக்க சப்ஃபிரேமை (இன்ஜினுக்கு அடியில் உள்ள சட்டம்) இறக்கவோ இன்ஜினைத் தூக்கவோ வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பி, டிரில்லில் கிரீஸ் தடவி, ஆயில் பானைக் கழற்றாமல் வண்டியிலேயே துளைப்பவர்கள் பலர். நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஆயில் பம்ப் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. உள்ளே விழும் உலோகத் தூள் முதலில் பம்பைத்தான் அடையும்.

இனி உள்ளே போகும் வழி. இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, ஃபில்டருக்கு அருகில் பிளாக்கில் (இன்ஜினின் முக்கிய உலோக உடல்) ஆயில் பிரஷர் சென்சார் இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி வந்த ஆயில் அங்கே கிடைக்கும். அதன் மரை 1/8 பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் கூம்பு வகை: அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி. அமெரிக்க என்பிடி மரையோ 27, 60 டிகிரி. அது சில சுற்று ஏறிப் பொருந்தியதுபோல் ஏமாற்றும். பிறகு பிளாக்கின் மரையைக் கெடுக்கும். கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பழைய மாடல்களின் சென்சார் கனமானது. ஒரே துளையில் சென்சாரையும் குழாயையும் சேர்க்கும் பித்தளை டீயின் (டி வடிவ இணைப்பு) நுனியில் அதைத் தொங்கவிட்டால் அதிர்விலேயே டீ முறியும். சிறு ஹோஸ் மூலம் சென்சாரைத் தள்ளி வைத்து, பாடியில் பொருத்துங்கள்.

டர்போ மறுபக்கம் என்பதால் குழாய் இன்ஜினின் பின்புறமாகச் சுற்றிவரும். நான்காம் எண் ஏஎன், உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டெயின்லெஸ் பின்னல் உள்ளதைப் போடுங்கள். டர்பைன் (டர்போவில் சூடான புகை சுழற்றும் பக்கம்) அருகே வெப்ப உறை மாட்டுங்கள். பின்னல் எதையும் உரசாதபடி கிளாம்ப் போடுங்கள். உரசினால் அரம்போல் அறுத்துவிடும்.

காரெட் ஜிடி2560ஆர் போன்ற பால் பேரிங் (குண்டுகள் மேல் தண்டு சுழலும் வகை) டர்போவுக்கு, ஆயில் நுழையும் வாயில் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வரத்தைக் குறைக்கும் துண்டு) தேவை. ஜர்னல் பேரிங் (ஆயில் படலத்தின் மேல் தண்டு சுழலும் வகை) டர்போவுக்குப் பொதுவாக வேண்டாம். அந்தச் சின்னத் துளையை நினைத்துப் பாருங்கள்: டெஃப்லான் டேப்பின் ஒரு துணுக்கு போதும், பேரிங் வறண்டு போக. டேப்புக்குப் பதில் திரவ சீலன்ட்டை (கசிவு தடுக்கும் பசை) மட்டும், முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். ஏஎன் கூம்பு முகத்துக்கு எதுவும் தடவ வேண்டாம்.

கடைசியாக, டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, டர்போவின் விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜின் சுழலும் நிலையை அறியும் கேம் ஆங்கிள் சென்சாரின் பிளக்கைக் கழற்றினால் பொறியும் வராது, பெட்ரோலும் வராது. உள்ளே போகும் குழாயின் டர்போ பக்க நுனியை ஒரு டப்பாவில் விட்டு, ஆயில் சீராக வரும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பிறகு குழாயை இணைத்து, பிளக்கை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் மட்டும் ஓடவிடுங்கள். நிறுத்தியபின் எல்லா இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் மட்டத்தையும் மீண்டும் அளந்து, புதுக் குழாய்களுக்குள் போன அளவை ஊற்றி நிரப்புங்கள்.