கோலாலம்பூரில் திறன் பயிற்சிக்குக் காசு: யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

உங்கள் சம்பளச் சீட்டை முதலில் எடுத்து மேசையில் வையுங்கள். இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பிடித்த வரிகளுக்குக் கீழே ‘எஸ்.ஐ.பி.’ அல்லது ‘இ.ஐ.எஸ்.’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும், அது வேலைக் காப்புறுதிக்குப் போவது. 3,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு அது ஏறக்குறைய 6 ரிங்கிட். அதே அளவு முதலாளியும் போடுகிறார். இதைத் தவிர, சம்பளச் சீட்டில் தெரியாத இன்னொரு தொகையையும் பல முதலாளிகள் மாதாமாதம் கட்டுகிறார்கள். நீங்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தால் தட்ட வேண்டிய முதல் இரண்டு கதவும் இவைதான். இரண்டும் யாரோ தரும் தானம் இல்லை, உங்கள் உழைப்பின் பேரில் கட்டப்பட்ட பணம். அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே உள்ள மாமாக் கடையில் உட்கார்ந்து சில வருடங்களாகப் பலருக்கு இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, இலவச கோர்ஸ் எங்க இருக்கு?” நான் திருப்பிக் கேட்பது, நீங்கள் இப்போது வேலையில் இருக்கிறீர்களா, வேலை போய்விட்டதா, அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவரா, இல்லை இப்போதுதான் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவரா என்பது. அதற்குப் பதில் தெரிந்தால்தான் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று சொல்ல முடியும்.

வேலையில் இருந்தால், உங்கள் கம்பெனியில் மலேசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், உற்பத்தித் துறையிலும் சேவைத் துறையிலும் பெரும்பாலான கம்பெனிகள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாக, அதாவது பயிற்சிக்கான கட்டாயக் கட்டணமாக, எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் தெரியாத அந்தத் தொகை இதுதான். இது 2001ஆம் ஆண்டுச் சட்டம். 5 முதல் 9 பேர் உள்ள கம்பெனி விருப்பப்பட்டால் 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். முன்பு எச்.ஆர்.டி.எஃப். என்று சொல்வோமே, அதே அமைப்புதான். 1993இல் தொடங்கியது, 2021இல் பெயர் மாறியது, அந்த வருடம் மார்ச்சில் இன்னும் பல துறைகள் உள்ளே வந்தன. லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, சட்டமே அதைத் தடுக்கிறது.

கணக்கு போட்டுப் பார்த்தால் முதலாளியிடம் பேசத் தைரியம் வரும். 20 பேர், ஆளுக்குச் சராசரி 2,000 ரிங்கிட் என்றால் மாதச் சம்பளம் 40,000. அதில் 1 விழுக்காடு 400 ரிங்கிட், வருடத்துக்கு 4,800. அந்தப் பணம் கம்பெனியின் பெயரில் கணக்கில் கிடக்கிறது, பயிற்சிக்கு மட்டும்தான் எடுக்க முடியும், நீண்ட காலம் தொடாமல் விட்டால் முதலாளி அதை இழக்கவும் நேரிடும். சின்னக் கம்பெனி முதலாளிகள் பலருக்கு இந்த விஷயமே மனதில் இருப்பதில்லை, கணக்குப் பார்க்கும் பெண் மாதாமாதம் கட்டிவிடுவார், அதோடு சரி. அதனால் நேரே முதலாளி அறைக்குப் போகாமல் அந்தக் கணக்குப் பெண்ணிடம் “லெவி பேலன்ஸ் எவ்வளவு இருக்கு?” என்று முதலில் கேளுங்கள். அப்புறம் ஒரே ஒரு தாளில் கோர்ஸின் பெயர், தேதி, கட்டணம், நடத்துகிறவர்கள் எச்.ஆர்.டி. கோர்ப்பில் பதிவு பெற்றவர்கள் என்ற விவரம், அதைப் படித்தால் கம்பெனியில் எந்த வேலையை நீங்கள் கூடுதலாகச் செய்ய முடியும் என்ற இரண்டு வரி, இவ்வளவையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். “பாஸ், இதுக்குக் கம்பெனி புதுசா காசு போட வேண்டியதில்லை, லெவியில கிளேம் பண்ணலாம்” என்று சொல்லிப் பாருங்கள். முடிவு அவர் கையில்தான், உங்களுக்கு உரிமை என்று சண்டை போட முடியாது. ஆனால் தாளோடு போனவரை மறுத்த முதலாளிகளை விட ஒப்புக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கம்பெனி இணையத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். படித்து முடித்துவிட்டு ரசீதைக் கொண்டுபோய் நீட்டினால் பணம் கிடைக்காது.

சரி, வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டில் பார்த்த அந்த 6 ரிங்கிட் இங்கேதான் கைகொடுக்கும். வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோதான் நடத்துகிறது, தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. வேலை இழந்தவருக்குச் சில மாதங்கள் வேலை தேடும் உதவித்தொகை, அதோடு புதிய திறன் கற்கப் பயிற்சிக் கட்டணம், பயிற்சி நாள்களுக்குப் படி என்று இதில் பல பகுதிகள் உள்ளன. வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ‘கொஞ்சம் ஓய்வெடுத்துட்டுப் பார்ப்போம்’ என்று இரண்டு மாதம் ஓட்டியவர்கள் என்னிடம் வரும்போது என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம், முடியாதவர்கள் அடையாள அட்டை, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்துக்குப் போகலாம். தலைமையகம் ஜாலான் அம்பாங்கில் இருக்கிறது.

இதில் நம்மவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. ஒரு ஹோட்டலில் 11 வருடம் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்த அக்கா ஒருவரை ஒரு நாள் மாலை கூப்பிட்டு, “ஆள் குறைக்கிறோம், ஆனா நீக்கினோம்னு எழுதினா உங்க பேருக்கு நல்லா இருக்காது, நீங்களே விலகுற மாதிரி எழுதிடுங்கக்கா” என்று நயமாகச் சொல்லி, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள். அக்காவும் கையெழுத்து போட்டுவிட்டார். தானாக விலகியவருக்கு இந்தத் திட்டத்தில் பணம் இல்லை. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இல்லை, ஒப்பந்தக் காலம் தானாக முடிந்தவருக்கும் இல்லை. ஆள்குறைப்பு, கம்பெனி மூடுதல், கம்பெனி இழப்பீடு தந்து விருப்ப விலகல் கேட்கும் வி.எஸ்.எஸ். எடுத்தவர்கள், இவர்களுக்கெல்லாம் உண்டு. அந்தக் கடிதத்தில் ‘ராஜினாமா’ என்று இருக்கிறதா, ‘ஆள்குறைப்பு’ என்று இருக்கிறதா என்பதில்தான் பல ஆயிரம் ரிங்கிட் தொங்குகிறது. எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அன்றே கையெழுத்து போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

பயிற்சிக்கும் இதே மாதிரிதான். பெர்கேசோ அதிகாரியிடம் பேசி, அவர்கள் ஒப்புக்கொண்ட பயிற்சி மையத்தில், ஒப்புதல் வந்த பிறகு சேருங்கள். முன்கூட்டியே சேர்ந்துவிட்டு அப்புறம் பணம் கேட்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதவு மூன்றாவது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் 10, 15 வருடம் வயரிங், வெல்டிங், ஏர்கோன், சமையல், முடி திருத்தும் வேலை செய்து கைதேர்ந்தவர்கள், ஆனால் கையில் ஒரு தாள் கிடையாது. இவர்கள் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. புத்ராஜெயாவில் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, நாம் ஜே.பி.கே. என்று சொல்வது, பி.பி.தி. என்ற வழியில் அனுபவத்தை வைத்தே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழைத் தருகிறது. எஸ்.கே.எம். 1 முதல் 3 வரை, 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. இதற்கு வேண்டியது ஒரு கோப்பு. நீங்கள் செய்யும் வேலைக்கு ‘நோஸ்’ என்ற தேசியத் திறன் தரநிலை ஒன்று மலாயில் இருக்கும், அதில் அந்தத் தொழிலின் ஒவ்வொரு பணியும் வரிசையாக எழுதியிருக்கும், ஒவ்வொன்றையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் வைத்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும்.

என் மச்சான் 14 வருடமாக ஏர்கோன் வேலை பார்க்கிறார். ஆதாரம் கொண்டு வாங்க என்று சொன்னேன், ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தெ தாரிக் கிளாஸுக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். மங்கிப்போன உதிரிப்பாகக் கடை ரசீதுகள், எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சீட்டுகள், யாரோ வாடிக்கையாளர் நன்றி சொல்லி எழுதிய துண்டுத் தாள். கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள், எல்லாவற்றிலும் கம்பிரஸர் இருந்தது, காயில் இருந்தது, மச்சானைக் காணோம். “நீ செஞ்சேன்னு எப்படி மச்சான் தெரியும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாளிலிருந்து கூட வேலை செய்யும் பையனிடம் கைப்பேசியைக் கொடுத்து, கேஸ் ஏற்றும்போது, மீட்டர் பார்க்கும்போது, குழாய் பற்றவைக்கும்போது முகமும் கையும் கருவியும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னார். மூன்று மாதம் எடுத்தது. பழைய முதலாளியிடம் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்ன வேலை செய்தார் என்று கடிதமும் வாங்கினார். நீங்கள் இன்றே தொடங்க வேண்டியது இந்தப் படங்களைத்தான், விண்ணப்பம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் உங்கள் முதலாளி லெவி கட்டுகிறவர் என்றால் அதிலிருந்தே கொடுக்க எச்.ஆர்.டி. கோர்ப்பில் திட்டம் இருக்கிறது, கேளுங்கள். வயர்மேன்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: எஸ்.கே.எம். வேறு, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வேறு. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக ஆகாது.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு மனிதவள அமைச்சின் கீழ் உள்ள அரசாங்கப் பயிற்சிக் கழகங்கள்தான் முதலில். கோலாலம்பூரில் ஐ.எல்.பி. என்ற தொழில் பயிற்சிக் கழகம் ஜாலான் கூச்சாய் லாமாவில் இருக்கிறது, ஐ.எல்.பி.க்களுக்கு இப்போது அட்டெக் என்ற பெயரும் வந்திருப்பதால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். பினாங்கு என்றால் ஜே.எம்.டி.ஐ. என்ற ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பக் கழகம், அப்புறம், அமைச்சின் கீழ் இல்லாவிட்டாலும், 1989இல் தொடங்கிய, பாயான் லெப்பாஸில் உள்ள பி.எஸ்.டி.சி. என்ற பினாங்கு திறன் மேம்பாட்டு மையம். வீட்டுக்குச் சம்பளம் வேண்டும், உட்கார்ந்து படிக்க முடியாது என்றால் வேலையும் படிப்பும் சேர்ந்து நடக்கும் எஸ்.எல்.டி.என். வழியில் கேளுங்கள், அதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும்.

இந்தியச் சமுதாயத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். இந்தியர்களுக்கென ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்படுகிறது, ஆனால் பயிற்சி என்று வரும்போது பெரும்பாலும் பணம் உங்கள் கைக்கு வராது, அமைப்புகளுக்கு மானியமாகப் போய் அவர்கள் வகுப்பு நடத்துவார்கள். அப்படி ஒரு வகுப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் சேரலாம், தாராளமாகச் சேருங்கள், சேருவதற்கு முன் “முடிவில் எஸ்.கே.எம். கிடைக்குமா, வருகைச் சான்றிதழ் மட்டும்தானா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேரும்போது போடும் கையெழுத்து என்றதும் எனக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறாள். ஒரு தனியார் மையத்தில் “அரசாங்கம் கட்டும்மா, நீ கையெழுத்து மட்டும் போடு” என்று சொல்லியிருக்கிறார்கள். அது பி.டி.பி.கே. என்ற அரசாங்கத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன். பி.டி.பி.கே. நல்ல திட்டம்தான், திறன் படிப்புக்கு அது இல்லாமல் பல ஏழைப் பிள்ளைகள் படித்திருக்க முடியாது, ஆனால் கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பை நடுவில் விட்டுவிட்டாள், ஆனால் கட்டச் சொல்லும் கடிதம் வீட்டு முகவரிக்கு வந்தது. அவள் அம்மா அதை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார், மலாய்ப் படிக்கத் தெரியாமல், மகள் போலீஸில் மாட்டிக்கொண்டாளோ என்று பயந்து.

அதனால் எந்த மையமானாலும் பாரத்தில் ‘பின்ஜாமான்’ என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அது கடன். மையம் ஜே.பி.கே.யில் அங்கீகாரம் பெற்றதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் படிக்கப்போகும் அதே பாடத்துக்கு, அதே நிலைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, அது எந்தத் தேதி வரை என்று பாருங்கள். வெல்டிங்குக்கு அங்கீகாரம் வாங்கிய மையம் அழகுக்கலைக்கும் அதே பலகையைக் காட்டும். ஜே.பி.கே. இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது, தேடத் தெரியாவிட்டால் வீட்டில் உள்ள பிள்ளையிடம் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இப்போதைக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை என்றாலும், எச்.ஆர்.டி. கோர்ப்பின் இ-லாத்திஹ் தளத்தில் இணைய வகுப்புகள் மலேசியர்களுக்கு இலவசம். தேசியப் பயிற்சி வாரம் நடக்கும்போது நேரடி வகுப்புகளும் இலவசமாகக் கிடைக்கும், எக்செல், கைப்பேசியில் வியாபாரம் என்று, நல்ல வகுப்புகள் சீக்கிரம் நிறைந்துவிடும். சொந்தக் காசில் படிக்கிறவர்கள் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். சொந்தக் கல்விக்கான 7,000 ரிங்கிட் வரிக் கழிவுக்குள், அங்கீகாரம் பெற்ற திறன் மேம்பாட்டுக் குறுகிய கால வகுப்புகளுக்கு 2,000 ரிங்கிட் வரை கணக்கில் காட்டலாம், ரசீதை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். என் மச்சான் அந்த பிஸ்கட் டின்னை இப்போது அதற்குத்தான் வைத்திருக்கிறார்.