மான் தொடாததை நாய்க்குட்டி தொடும்: வளவில் நாம் விடும் பிழைகள்

திருகோணமலை டவுனுக்குள் வீடு என்றால் மானுக்குப் பயந்துதான் பூக்கன்று வைக்க வேண்டும். படலை கொஞ்சம் திறந்திருந்தால் போதும், தெருவில் திரியும் புள்ளிமான்கள் உள்ளே வந்து ரோஜா, செவ்வரத்தை என்று ஒன்றையும் மிச்சம் வைக்காது. அதனால் "மான் தொடாத மரம் ஏதும் இருக்கா" என்று கேட்டுக் கேட்டு அலரியை நடுகிறார்கள். மான் அதை ஏன் தொடுவதில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அலரியில் இலை, பூ, தண்டு, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் அலரி விதையைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் கிளையை வெட்டி மதிலோரம் நாலு நாள் காயப் போடுகிறோமே, பிழை அங்கேதான். காய்ந்தாலும் நஞ்சு போகாது. பல் முளைக்கிற நாய்க்குட்டிக்கு அந்தக் குச்சி நல்ல விளையாட்டுச் சாமான். வெட்டினால் அன்றைக்கே அள்ளிவிடுங்கள், எரிக்கவும் வேண்டாம், புகையும் கூடாது. இப்போது எல்லாரும் சட்டியில் வைக்கும் அடினியமும் இதே குடும்பம்தான். குட்டிப் பனை போல அழகாக நிற்கும் சைக்கஸ் இன்னும் மோசம், அதன் விதையில் ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனாலே நாயின் ஈரல் கெட்டுவிடலாம். மணி பிளான்ட் வாயை எரித்து எச்சில் வடிய வைக்கும், பெரும்பாலும் அத்தோடு சரி. பூனை வளர்ப்பவர்கள் பூங்கொத்தில் வரும் லில்லியை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

ஆனால் மரம் செடியை விட நாம் மண்ணுக்குள் போடுவதுதான் ஆபத்து என்று நான் சொல்வதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தேசிக்கன்று. போன வருடம் கச்சான் காற்று தொடங்கிய நேரம், கன்று நன்றாக வரட்டும் என்று குழிக்குள் அரை வாளி சூடைமீன் கழிவு போட்டேன், எங்கள் ஊரில் அது புதுசு இல்லை, அம்மம்மா காலத்துப் பசளை. எறும்பும் புழுவும் வரும் என்று மேலே ஒரு பிடி குறுணல் மருந்தும் தூவி மண்ணால் மூடினேன். மூடியதை நாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பின்னேரம் வந்து பார்த்தால் கன்று ஒரு பக்கம், குழி ஒரு பக்கம், இவன் மூக்கில் மண்ணும் செதிலும் ஒட்டியபடி நிற்கிறான். பத்து நிமிடத்தில் வாயால் நுரை மாதிரி எச்சில், பின்னங்கால் நடுக்கம். வாந்தியில் மீன்முள்ளோடு நீலக் குறுணல் அப்படியே கிடந்தது.

மீன் கழிவு, எலும்புத்தூள், பிண்ணாக்கு எல்லாம் நமக்குப் பசளை, நாய்க்குச் சாப்பாடு. அதோடு மருந்தைக் கலப்பது சோற்றில் நஞ்சு வைப்பது மாதிரி. ஒன்றில் மீனைப் போடுங்கள், இல்லாவிட்டால் மருந்தைப் போடுங்கள். மீன் போட்டால் மேலே கல்லோ கம்பிவலையோ வைத்து இரண்டு மூன்று கிழமையாவது மூடி வையுங்கள். மழைக்குப் பிறகு வாங்கும் நத்தை மருந்திலும் இதே கதை, நத்தை தேடி வரட்டும் என்று தவிடு கலந்து செய்வார்கள், அந்த மணத்துக்கு நாயும் வரும். அதில் மெட்டால்டிஹைட் இருந்தால் வலிப்பு வரும். நத்தையை ராத்திரி டோர்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்குவது அலுப்புத்தான், ஆனால் வேலை முடியும்.

எலிப்பாஷாணத்தில் ஏமாற்றம் வேறு விதம். தின்ற அன்று நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், நாமும் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவோம். இரத்தம் உறையாமல் செய்யும் வகை என்றால் மூன்று நாலு நாள் கழித்துத்தான் பல் முரசு வெளுத்து, மூக்கால் இரத்தம் வரும். தின்றது தெரிந்த உடனே கொண்டுபோனால் விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். நஞ்சு தின்ற எலியைப் பிடிக்கும் பூனைக்கும் ஆபத்து உண்டு. பூனையைப் பற்றி இன்னொன்று: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மிச்சம் பிடித்துப் பூனைக்குப் பூசாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை தாங்காது.

வாடை மழை தொடங்கினால் தேரை வரும். கவ்வுகிற நாயின் வாயில் நுரை தள்ளும், அப்போது தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றாமல் ஈரத்துணியால் முரசையும் நாக்கையும் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். கிணற்றடியில் பொச்சுமட்டை குவித்து வைத்திருந்தால் அதையும் மழைக்கு முன்பே எடுங்கள். எலி குடிவரும், எலிக்குப் பின்னால் புடையனோ நாகமோ வரும், முதலில் மூக்கை நீட்டுவது நாய்தான். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் ஒரு வலை போடுங்கள், பல்லிக்குப் பாயும் பூனைக்குக் கிணறு கண்ணில் படாது. கச்சான் காலத்தில் சீமெந்து முற்றத்தில் மத்தியானம் கட்டி வைக்கவும் கூடாது. உங்கள் வெறுங்காலை ஐந்து செக்கன் வைத்துப் பாருங்கள், விளங்கும்.

கடைசியாக, ஏதும் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் பருக்குகிற பழக்கம். தயவுசெய்து வேண்டாம். உப்பு கூடினால் அதுவே மூளையைப் பாதிக்கும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நான் அன்றைக்கு நாயைத் தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன், வைத்தியர் கேட்ட முதல் கேள்வி "என்ன மருந்து?" எனக்குப் பெயர் தெரியாது. பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தேன். அம்மா குப்பை வாளியைக் கவிழ்த்துக் கிளறி, கிழிந்த லேபிளை எழுத்துக்கூட்டி ஃபோனில் வாசிக்கும் வரைக்கும் அவன் மேசையில் நடுங்கிக்கொண்டே கிடந்தான். இப்போது வளவுக்கு எதை வாங்கினாலும் பெட்டியின் படம் என் ஃபோனில் இருக்கும்.