வெப்சைட்டில் ஏஐ ஹெட்ஷாட்: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் வெப்சைட் செய்யும் தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு பேர், தாங்கள் செய்த வெப்சைட்டைப் பார்த்துச் சொல்லும்படி எனக்கு லிங்க் அனுப்பியிருந்தார்கள். ஒன்று பீளமேட்டில் மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்யும் கடை, இன்னொன்று ஒரு பிசியோதெரபி கிளினிக். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் 'எங்கள் குழு' பக்கத்தைத் திறந்தால் இரண்டிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல வரிசையாக முகங்கள்: சாம்பல் நிற கோட், பளபளப்பான கன்னம், ஒரே அளவில் புன்னகை, பின்னால் மங்கலாகக் கண்ணாடிக் கட்டடம். பம்ப் ரிப்பேர் கடைக்காரரை எனக்கு நேரில் தெரியும். படத்தில் அவரைத் தேட வேண்டியிருந்தது.

எல்லாம் ஏஐ ஹெட்ஷாட், அதாவது சாதாரணப் படங்களை ஏற்றினால் ஏஐ செயலி உருவாக்கித் தரும் தொழில்முறை முகப்படம். 2023இல் நானும் இதையேதான் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் ஒருவர் தொழிலுக்கு நஷ்டமும் வந்தது. அதை எழுதி வைத்தால் யாராவது ஒருவராவது தப்பிப்பார்கள். ஆறாவது விரல், காதுக்கு ஒரு விதமாகத் தோடு, கழுத்தில் ஒட்டாத காலர், இவையெல்லாம் பார்த்தவுடன் தெரிகிற பிழைகள், எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லப் போவதில்லை.

ஆளை விட்டுவிட்டு அழகைத் தேர்ந்தெடுப்பது

கோயம்புத்தூரில் வயதானவர்களை வீட்டுக்கே வந்து கவனித்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஒரு சிறிய நிறுவனம். நர்ஸ், அட்டெண்டர் எல்லாம் சேர்த்து 14 பேர். அவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். போட்டோ எடுக்க ஆள் வைத்தால் 14 பேரையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது, ஷிப்ட் ஷிப்டாக வெவ்வேறு வீட்டில் இருப்பார்கள். சரி, ஏஐ ஹெட்ஷாட் போட்டுவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு படம் வாட்ஸ்அப்பில் வாங்கி ஏற்றினோம், ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு நாற்பது படம் வந்தது. நானும் முதலாளியும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். அங்கேதான் தவறு. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டோமே தவிர, எது அவரைப் போல இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு ஆள் முடிவானவுடன், வரப்போகிறவரின் பெயரும் வெப்சைட்டில் இருக்கும் அதே படமும் குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் போகும். சாய்பாபா காலனியில் தனியாக இருக்கும் 78 வயது அம்மா ஒருவருக்கு அப்படித்தான் போனது. மகன் வெளிநாட்டில். அவர் அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பி, "இந்த முகத்தைத் தவிர வேற யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பிள்ளையும் சொல்வதுதான், சொல்ல வேண்டியதும்கூட.

காலை ஏழு மணிக்குப் போய் நின்ற சிஸ்டருக்கு 46 வயது. மாநிறத்துக்கும் கீழே, மூக்குத்தி, தாடையில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. படத்தில் இருந்தவருக்கு முப்பது வயது சொல்லலாம், நிறம் இரண்டு படி ஏறியிருந்தது, மூக்குத்தி இல்லை, தழும்பு இல்லை. அந்த அம்மா கிரில் கேட்டுக்கு உள்ளே நின்று போனையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ அந்தப் புள்ள இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். மகனுக்குப் போன் போட்டால் அங்கே நடுராத்திரி, எடுக்கவில்லை. சிஸ்டர் நாற்பது நிமிடம் வாசலில் நின்றிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து யார் என்ன என்று விசாரிக்கிற அளவுக்கு. மாலையில் மகன் கூப்பிட்டு, படத்தையே மாற்றி அனுப்புகிறவர்களை நம்பி எப்படி அம்மாவை விடுவது என்று கேட்டு, ஆறு மாத ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அவருடைய சொந்தக்காரர்கள் இருவர் வீட்டு ஒப்பந்தமும் அதோடு போயிற்று. நிறுவனம் உண்மையான ஆளைத்தான் அனுப்பியது, அடையாள அட்டையும் கொடுத்தது, போலீஸ் சரிபார்ப்பும் முடித்திருந்தது. அத்தனையையும் ஒரு படம் பொய்யாக்கிவிட்டது.

மறுநாள் அந்த சிஸ்டரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "என் மூஞ்சியப் பாத்துட்டு நான் நான் இல்லன்னு சொல்லிட்டாங்க சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, இது நீங்கள்தானா, போடலாமா என்று நாங்கள் கேட்டதே கிடையாது.

இன்றும் புதியவர்கள் இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, காரணம் இது தற்செயலாக நடப்பதில்லை. இந்தச் செயலிகள் வேலை செய்கிற விதமே அப்படி. இணையத்திலிருந்து எடுத்த கோடிக்கணக்கான படங்களில் பழகிய ஒரு பெரிய ஏஐ மாடல், அதாவது படம் உருவாக்கும் மென்பொருள், முதலில் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பத்துப் படத்தை வைத்து அதற்கு உங்கள் முகத்தை மேலோட்டமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் படத்தில் இல்லாததையெல்லாம் அது தனக்குப் பழகிய முகங்களிலிருந்து நிரப்பிக்கொள்ளும். அதோடு 'தொழில்முறை', 'நிறுவன அதிகாரி' என்ற சொற்களும் சேரும்போது, அந்தச் சொற்களோடு அது எந்த முகங்களை அதிகம் பார்த்ததோ அந்தப் பக்கம் இழுக்கும். 2023இல் அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த, எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பெண், தன் படத்தை வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும்படி ஒரு ஏஐ கருவியிடம் கேட்டபோது, அது வெளுத்த தோலும் நீலக் கண்ணுமாக மாற்றிக் கொடுத்தது செய்தியாக வந்தது. நம் ஊர் முகங்களுக்கு நடப்பதும் அதேதான், கொஞ்சம் மெதுவாக, கண்ணுக்கு உறுத்தாமல் நடக்கிறது. நிறம் கொஞ்சம், மூக்கு கொஞ்சம், வயது கொஞ்சம் என்று நகர்ந்து கடைசியில் வேறு ஆளாக வந்து நிற்கும்.

நாம் கொடுக்கும் படங்களும் நேர்மையாக இருப்பதில்லை. பாதி செல்ஃபி, அதிலும் போன் தானாகவே முகத்தை வழித்துவிடும் பியூட்டி மோடில் எடுத்தவை. ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். கொடுப்பதே கோணல் என்றால் வருவது எப்படி நேராக இருக்கும்?

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருக்கும், இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், வலது கன்னத்தில் ஒரு தழும்பு என்று எழுதியிருப்பார்கள். ஏஐ முதலில் அழிப்பது அந்த இரண்டு வரியைத்தான். பழைய ஸ்டுடியோக்காரர்களும் நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்தவர்கள்தான், பரு, கருவளையம் எல்லாம் போகும், ஆனால் மச்சத்தில் கை வைக்க மாட்டார்கள். மச்சம் போனால் வீட்டில் அடி விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் இப்போது எனக்கு ஒரே விதி. படத்தை அந்த ஆளோ முதலாளியோ டிசைனரோ தேர்ந்தெடுக்கக் கூடாது. தன்னைப் பற்றி எல்லோருக்கும் ஆசை உண்டு, அழகானதைத்தான் எடுப்பார்கள். அவரை நேரில் இரண்டு மூன்று தடவை மட்டும் பார்த்த ஒருவரிடம், பக்கத்துக் கடைக்காரர், பழைய கஸ்டமர், யாராக இருந்தாலும் சரி, பெயர் சொல்லாமல் காட்டுங்கள். "இது யாரு?" என்று யோசித்தால் அந்தப் படம் வேண்டாம். "இவருதானே, ஆனா என்னமோ மாதிரி இருக்கே" என்றாலும் வேண்டாம். யோசிக்காமல் பெயரைச் சொல்ல வேண்டும். அப்புறம் பொட்டு, திருநீறு, மூக்குத்தி, தாடி, தலையில் போடும் தொப்பி, முக்காடு, கண்ணாடி என்று அவர் தினமும் எப்படி வேலைக்கு வருகிறாரோ அது அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இல்லாத ஆளை ஊழியராகக் காட்டுவது

மூன்று பேர் இருக்கும் கடைக்கு ஒன்பது பேர் இருப்பது போலக் காட்ட வேண்டும் என்று கேட்கிற முதலாளிகள் உண்டு. செய்யாதீர்கள். 2019 தொடக்கத்தில், பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் இல்லாத ஒரு மனிதரின் முகத்தைக் காட்டும் தளம் வந்தபோது நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஸ்டைல்கேன் என்ற ஏஐ மாடலின் வேலை அது. சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதில் வரும் எல்லா முகத்துக்கும் கண் ஒரே இடத்தில் இருக்கும். ஆறு படத்தை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் அகப்பட்டுவிடும். இன்றைய கருவிகளில் அந்தக் குறை இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள். கஸ்டமர் போன் போட்டு "மேனேஜர் அந்த மேடத்தக் குடுங்க" என்று கேட்டால் யாரைக் கொடுப்பீர்கள்?

கஸ்டமர்களின் பாராட்டுரைகளுக்குப் பக்கத்தில் ஏஐ முகம் வைப்பது இதைவிட மோசம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரம் என்றாலே வெப்சைட்டும் சேர்த்திதான், தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்றும் தனியாக வரையறுத்திருக்கிறார்கள். முகம் கொடுக்கச் சம்மதிக்காத கஸ்டமர் என்றால் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் போடுங்கள், போதும்.

ஊழியரிடம் கேட்காமல் அவர் படத்தை ஏற்றுவது

நான் இதையும் செய்திருக்கிறேன், மேலே சொன்ன 14 பேரில் ஒருவரிடமும் நேரடியாகக் கேட்கவில்லை. முதலாளி சொன்னார், வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது, ஏற்றிவிட்டேன். எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வருக்கு ஒருவருடைய முகம் போகிறது, அதை வைத்து அவர் செய்யாத பாவனையில் படம் உருவாகிறது. இதற்கு அவர் சம்மதம் வேண்டாமா? 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத்தான் நடுவில் வைத்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஒரு பெண்ணின் படத்தை ஏற்றி, அவர் உடுத்தாத உடையில் நாற்பது படம் எடுத்து, இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பொறுக்குவது சரியா என்று யோசித்தாலே போதும். இப்போது எழுத்தில் கையெழுத்து வாங்குகிறேன், வந்த படம் எல்லாவற்றையும் போடலாமா என்று கேட்டு முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன், வேலை முடிந்ததும் செயலியில் ஏற்றிய படங்களை அழித்துவிட்டு அதையும் அவருக்குக் காட்டுகிறேன்.

கோட் மாட்டிவிடுவது

பம்ப் ரிப்பேர் செய்கிறவருக்குக் கோட் எதற்கு? காக்கிச் சட்டையோ கடை பெயர் போட்ட டிஷர்ட்டோ போட்டிருந்தால்தான் கஸ்டமருக்கு நம்பிக்கை வரும்.

கண்ணாடிக் கட்டடப் பின்னணி

உங்கள் கடை வாசலில் நில்லுங்கள்.

ஒரே ஆளுக்கு மூன்று முகம்

வெப்சைட்டில் ஏஐ படம், கூகுள் மேப்பில் கஸ்டமர் எடுத்துப் போட்ட நிஜப் படம், வாட்ஸ்அப் டிபியில் கல்யாணத்தில் எடுத்த பழைய படம். உங்கள் கடையைத் தேடுகிறவர் இந்த மூன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிடுவார். அதிலும் கூகுள் மேப்பில் மற்றவர்கள் போடும் படம் உங்கள் கையில் இல்லை, அதுதான் உண்மையான முகமும்கூட. மற்ற இரண்டும் அதைப் போலவே இருக்கும்படி மாற்றுங்கள்.

கோப்பின் எடை

செயலி கொடுக்கும் கனமான பிஎன்ஜி (PNG) கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள், எடை குறைந்த வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றுங்கள்.

அப்படியானால் ஏஐ வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை, தினமும் பயன்படுத்துகிறேன். உண்மையான படத்தின் பின்னணியை நீக்கவும், இருட்டாக விழுந்த படத்தில் வெளிச்சத்தைச் சரிசெய்யவும், பத்துப் பேர் படத்தையும் ஒரே பின்னணிக்குக் கொண்டுவரவும் அதைப் போல வசதி கிடையாது. முகத்தின் எல்லைக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் செய்கிறேன். முகத்துக்குள் வெளிச்சத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை.

அந்த வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்கு நான் காசு வாங்காமல் திரும்ப எல்லாப் படத்தையும் எடுத்துக் கொடுத்தேன். சம்பள நாளன்று எல்லோரும் ஆபீசுக்கு வருவார்கள், அதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். காலை எட்டரைக்கு வராண்டாவில், வெயில் நேராக விழாத இடத்தில், வெள்ளைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் ஆளை நிறுத்தி, நான் ஐந்தாறு அடி தள்ளி நின்று போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தேன். பியூட்டி மோடை அணைத்துவிட்டேன். ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்கள்.

அந்த சிஸ்டர் கடைசியாக வந்தார். எடுத்தவுடன் போனை வாங்கிப் பார்த்தார், விரல்களால் பெரிதாக்கித் தாடைத் தழும்பு தெரிகிறதா என்று பார்த்தார், அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்து, "இதப் போடுங்க" என்றார். இப்போதும் அந்தப் படம்தான் இருக்கிறது.