குழந்தையின் கழுத்து ஒரே பக்கம் சாய்கிறதா? வீட்டில் செய்ய வேண்டியவை

மகள் பிறந்து ஆறாவது வாரம். எந்தப் படம் எடுத்தாலும் தலை வலது தோள் பக்கம் சாய்ந்திருக்கும், முகவாய் இடது பக்கம் திரும்பியிருக்கும். இடது கையில் ஏந்திப் பால் கொடுத்தால் மட்டும் அழுகை. பல்லடத்திலிருந்து வந்த அமிச்சி (எங்கள் கொங்குப் பேச்சில் அம்மாவின் அம்மா) பார்த்ததும் சொல்லிவிட்டார்: "உரம் விழுந்திருக்குது கண்ணு. சேலையில போட்டு உருட்டுனாச் சரியாப் போயிரும்."

அமிச்சியின் கண் தப்பவில்லை, வைத்தியம்தான் தப்பு. தலையே நிற்காத வயதில் துணியில் போட்டு உருட்டுவதும், தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும், கழுத்தைச் சொடக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். டாக்டர் இதை டார்ட்டிகோலிஸ் என்றார். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கும் மார்பெலும்புக்கும் ஒரு தசை இறங்குகிறது. கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. அதில் ஒன்று குட்டையாகிவிட்டால் தலை அந்தப் பக்கம் சாயும், முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். கருப்பையில் நெருக்கமாகக் கிடந்ததும் காரணமாகலாம். நீங்கள் தூக்கிய விதத்தால் வந்ததோ என்று அழ வேண்டாம், நான் இரண்டு நாள் அழுதேன்.

முதலில் டாக்டர்

எல்லாச் சாய்வும் தசையால் வருவதில்லை. கண் பார்வை, கழுத்தெலும்பு, நெஞ்செரிச்சல் ஆகியவையும் குழந்தையைத் தலை சாய்க்க வைக்கும். அதனால் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை எந்தப் பயிற்சியையும் தொடங்காதீர்கள். இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் சேர்ந்தே இருக்கும். சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கழுத்தில் சுண்டைக்காய் போல ஒரு கட்டி தட்டுப்படும். தசையில் வரும் இந்தக் கட்டி பெரும்பாலும் சில மாதங்களில் கரைந்துவிடும், ஆனாலும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்வது நல்லது. திடீரென வந்த சாய்வு, காய்ச்சல், ஓயாத வாந்தி, கை கால் தளர்ச்சி இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தனியாரிடம் பிசியோதெரபிக்குச் செலவழிக்க முடியாதவர்கள், அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பக்கத்தை எழுதி ஒட்டுங்கள்

சிரிக்காதீர்கள். ஆளாளுக்குத் தூக்கும் வீட்டில் இடம் வலம் குழம்பும். நாங்கள் பீரோ கதவில் ஒட்டியது: "சாய்வது வலது. முகம் திரும்ப வேண்டியதும் வலது." கீழே நான் சொல்வதெல்லாம் இந்த வலச்சாய்வுக்குத்தான். உங்கள் குழந்தைக்கு இடச்சாய்வு என்றால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படுக்கையைத் திருப்புங்கள்

பத்து நிமிடப் பயிற்சியை விட மிச்சமுள்ள நேரம் முழுக்கக் குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே பெரிது. எங்கள் ஆசாரத்தில் (வீட்டின் முன்கூடம்) வெளிச்சமும், பக்கத்துத் தறிக்குடோன் சத்தமும், வருகிற போகிற ஆட்களும் எல்லாம் தெற்குப் பக்கம். கிழக்கே தலை வைத்து மல்லாக்கப் படுக்கவைத்திருந்தோம். தெற்கு அவளுக்கு இடது பக்கம். பிறகு எப்படி வலது பக்கம் திரும்புவாள்?

மேற்கே தலை வைத்தோம். அவ்வளவுதான், வாசல் வலப்பக்கம் வந்துவிட்டது. "வடக்கே மட்டும் வைக்காதே" என்றார் அமிச்சி, அதற்கு அவசியமே வரவில்லை. கிலுகிலுப்பை, விளக்கு, பேச்சுக்குரல் எல்லாவற்றையும் வலப்பக்கம் வையுங்கள், இடது பக்கம் வெறும் சுவர் இருக்கட்டும்.

தூங்கும்போது மல்லாக்க மட்டும்தான். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை தைத்துத் தருவார்கள், மறுக்க முடியாவிட்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தூங்கும்போது வேண்டாம். சுருட்டிய துண்டை அண்டக் கொடுப்பதும் ஆபத்து, மூச்சு முட்டும். சேலைத் தொட்டிலில் துணி இருபுறமும் நெருக்குவதால் தலை பழகிய பக்கமே கிடக்கும். அதை நாங்கள் அறவே விட்டோம். வீட்டில் பெரிய சண்டை அதற்குத்தான்.

தூக்குவதும் பால் கொடுப்பதும்

இடது கையில் மல்லாக்க ஏந்தினால், உங்கள் முகத்தைப் பார்க்க அவள் வலது பக்கம் திரும்பியாக வேண்டும். புட்டிப்பால் என்றால் இப்படியே கொடுங்கள். தாய்ப்பாலுக்கும் அந்தப் பக்கத்தைக் கைவிடாமல், அவள் உடம்பு முழுவதும் உங்களை நோக்கி இருக்கும்படி அணைத்துப் பாருங்கள்.

இன்னொரு பிடி உண்டு, பிசியோதெரபிஸ்ட் காட்டியது. குழந்தையின் முதுகு உங்கள் நெஞ்சில் ஒட்ட, வலப்பக்கம் கீழே வருமாறு சாய்த்துப் பிடிக்க வேண்டும். உங்கள் வலது முன்கை அவள் வலது காதுக்கும் வலது தோளுக்கும் நடுவே போகும், இடது கை கால்களுக்கு இடையே தாங்கும். தலை மெல்ல இடது தோள் பக்கம் உயரும். எங்கள் வீட்டில் இது அவள் அப்பாவின் வேலை, அப்படியே தென்னந்தோப்பைச் சுற்றிக் காட்டுவார். முதல் தடவை யாராவது பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கட்டும்.

குப்புற விளையாட்டு

விழித்திருக்கும்போது, கண்பார்வையில் மட்டும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு நிமிடம், உங்கள் நெஞ்சின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். ஏழு வாரம் ஆகும்போது நாளுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வந்தால் போதும். பால் குடித்தவுடன் வேண்டாம். வலது பக்கத்திலிருந்து கூப்பிடுங்கள்.

தசையை நீட்டும் பயிற்சி

இதை நேரில் கற்றுக்கொண்டு மட்டும் செய்யுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, தோள் எழாமல் ஒரு கையால் அணைத்து, முகத்தை வலது தோள் நோக்கி மெல்லத் திருப்புவது ஒன்று. வலது தோளைத் தாழப் பிடித்து, இடது காதை இடது தோள் பக்கம் கொண்டுபோவது மற்றொன்று. எங்களுக்குச் சொன்ன கணக்கு 30 நொடி, மூன்று தடவை, ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும். உங்களுக்கு வேறு கணக்கு சொல்லலாம். தள்ளவே கூடாது. அவள் முறுக்கினால், வீறிட்டால், நிறம் மாறினால் நிறுத்திவிடுங்கள். குளிப்பாட்டும்போது கழுத்தை இழுத்து உருவ வேண்டாம் என்று பாட்டிமார்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

எவ்வளவு நாள்?

சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் சரியாகும். முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. ஒரு வயது தாண்டியும் திரும்ப முடியாவிட்டால்தான் அந்தப் பேச்சு வரும். வாரம் ஒரு படம் எடுங்கள், நேர் முகமும் உச்சந்தலையும். ஒரே பக்கம் கிடந்ததால் மகளின் பின்னந்தலை இடதுபுறம் தட்டையாகியிருந்தது. படங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் தலை உருண்டையாகி வருவது தெரிந்தது.

ஐந்தாவது மாதத்தில் தலை நேராக நின்றது. ஏழில் பல் முளைத்தபோது ஒரு வாரம் மறுபடி சாய்ந்தது, பயந்துபோய் பழைய பயிற்சிக்குத் திரும்பினோம். ஒரு வயதில் பழனியில் மொட்டை போட்டபோது, அமிச்சி மண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடுகுத் தலையணை எங்கே என்று மட்டும் கேட்டார்.