‘வேலையில் பட்ட காயம்’ என்றே சொல்லுங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்து முதல் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேலையில் காயம்பட்டால், வேலையில் பட்டது என்றே சொல்லுங்கள்.

வந்து மூன்று மாதமே ஆன ஒரு தம்பிக்கு மொழிபெயர்க்க ஒருநாள் மருத்துவமனைக்குப் போனேன். பொதி கட்டும் இயந்திரத்தில் அவனுடைய இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. சுற்றியிருந்த துணி இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. “எப்படி நடந்தது?” என்று தாதி கேட்டார். அவன் என் பக்கம் குனிந்து, “அண்ணா, வீட்டுப் படியில் விழுந்தேன் என்று சொல்லுங்கள். மேற்பார்வையாளர் அப்படித்தான் சொல்லச் சொன்னார்” என்றான். உண்மையைச் சொன்னால் விசா போய்விடும் என்ற பயம் அவனுக்கு. உள்ளதைச் சொல்ல அவனைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த ஒரு வரி பதிவேட்டில் ஏறியதால்தான் அவனுக்கு நட்டஈட்டுப் பணம் வந்தது, வேலைக்குப் போக முடியாத ஐந்து கிழமையும் அவனால் வாடகை கட்ட முடிந்தது.

அந்தப் பணம் முதலாளியின் தயவால் வருவதன்று. 1915 முதல் இங்கே நடைமுறையில் இருக்கும் ஓர் ஏற்பாடு அது. நீதியரசர் வில்லியம் மெரடித் வகுத்தது. தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடுவதில்லை. பதிலுக்கு, பிழை யாருடையது என்று பார்க்காமலே நட்டஈடு கிடைக்கிறது. முதலாளிகள் கட்டும் காப்புறுதிப் பணத்திலிருந்து ‘வேலைத்தலப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சபை’ (WSIB) அதைக் கொடுக்கிறது. அதற்கென்று உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக்கூடாது. இழந்த வருமானத்துக்கு, வரி முதலியன போகக் கைக்கு வரும் சம்பளத்தில் 85 சதவீதம் கிடைக்கும். காயம்பட்ட நாளின் சம்பளத்தை முதலாளியே முழுதாகத் தரவேண்டும். காயம் நிரந்தரக் குறையாகிவிட்டால் அதற்குத் தனி நட்டஈடு உண்டு.

விசா எந்த வகையாக இருந்தாலும், சம்பளம் கைக்காசாக வந்தாலும் இந்த உரிமை இல்லாமல் போவதில்லை. காயத்தை மறைக்கச் சொல்லி, முறையிடாமல் தடுப்பதுதான் குற்றம். வங்கி போன்ற சில துறைகள் இந்த ஏற்பாட்டுக்குள் கட்டாயமாக வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்யவேண்டியது அதிகமில்லை. மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள். சொன்னதைக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள், நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். சபைக்கு அனுப்ப வைத்தியர் நிரப்புவது 8ஆம் படிவம், முதலாளி நிரப்புவது 7ஆம் படிவம், நீங்கள் நிரப்புவது 6ஆம் படிவம். முதலாளிக்கு மூன்று வேலை நாட்கள்தான் அவகாசம். உங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது, ஆனால் அத்தனை நாள் காத்திருக்காதீர்கள். உடன் வேலை செய்தவர்கள் அதற்குள் வேறு இடம் போய்விடுவார்கள், சாட்சிக்கு ஆள் இருக்காது. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சபையிடம் கேளுங்கள்.

காயத்தைக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தினால் அது வேறொரு சட்டத்துக்குள் வரும். 1962இல் வந்த ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக் கோவை, இப்படி நட்டஈடு கோரிய காயத்தையும் ‘இயலாமை’ என்றே கொள்கிறது. மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு வருட அவகாசம் உண்டு.

சபை உங்கள் கோரிக்கையை மறுத்துக் கடிதம் அனுப்பினால், அதைக் கிழித்துப் போடாமல் தேதியைப் பாருங்கள். வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவென்றால் 30 நாட்களுக்குள்ளும், மற்றவற்றுக்கு ஆறு மாதத்துக்குள்ளும் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். தொழிற்சங்கத்தில் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது. போகும்போது அந்தக் கடிதத்தை அது வந்த உறையோடு எடுத்துச் செல்லுங்கள்.